மூளைக்கும் வேண்டும் இன்சுலின்

"ஊசி போட ஆரம்பித்துவிட்டால் ஆயுள் அவ்வளவுதான்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பயத்தினாலேயே இனிப்பு நீர் வியாதிக்காரர்கள் பலர் இன்சுலின் ஊசியைத் தள்ளிப் போடுகிறார்கள்.

இன்சுலின் விஷமல்ல. வயிற்றினுள் இருக்கும் கணையம் என்ற உறுப்பு தானாகவே சுரக்கும் நீர் அது. 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் டாக்டர் பெண்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டு, சாகக் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவன் அந்த ஊசியால் பிழைத்து, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இரத்தத்தில் ஓடும் சீனியைத் தசைகளுக்குள் அனுப்புவதுதான் இன்சுலினின் வேலை என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1978இல் அமெரிக்காவில் எலியின் மூளையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அங்கேயும் இன்சுலினின் கட்டளையை ஏற்கும் வாங்கிகள் இருப்பதைக் கண்டார்கள்.

அங்கே அதற்கு என்ன வேலை? கொழுப்பு என்றாலே பகை என்று நினைக்கிறோம். ஆனால் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூளையில்தான் இருக்கிறது. மின்சாரக் கம்பிக்கு உறை போல நரம்பைப் போர்த்தியிருப்பதும், ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்ல உதவுவதும் அதுவே. இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரால் பெரும்பாலும் மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

2010இல் போஸ்டன் நகரின் ஜோஸ்லின் நீரிழிவு நிலையத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இனிப்பு நீர் கண்ட சுண்டெலிகளின் மூளையில் இந்தத் தயாரிப்பு குறைந்திருந்தது. இன்சுலின் கொடுத்ததும் மீண்டும் கூடியது. காலைப் பிரட்டுக்குக் கங்காணி வராவிட்டால் நிரை பிரிக்க ஆளின்றி வேலை தடைப்படும் அல்லவா? அதுபோலத்தான்.

சுண்டெலிக்குக் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இனிப்பு நீர் உள்ள முதியவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம் மற்றவரைவிடக் கூடுதல் என்பது மனிதர்களிடமே கண்ட உண்மை.

ஆகவே தாய்மார்களே, மாத்திரையோ ஊசியோ, டாக்டர் சொன்ன அளவைத் தவற விடாதீர்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும். நினைவிருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நாளை தாத்தா ஊசிக்கு முகத்தைத் திருப்பினால், அந்த 14 வயதுப் பையன் கதையைச் சொல்லுங்கள். ஊசி ஆயுளை முடிக்க வந்ததல்ல, நீட்டிக்க வந்தது என்பது அவருக்கும் விளங்கும்.