அப்பளம் போல நொறுங்கிய காரும் நியூட்டனும்

"லாரியும் காரும் நேருக்கு நேர் மோதல்; கார் அப்பளம் போல் நொறுங்கியது." செய்தித்தாளில் இந்த மாதிரி வரியைப் படிக்காதவங்க குறைவு. படிச்சதும் நம்ம மனசு ஒரு கணக்குப் போடும்: லாரி காரைப் பலமா இடிச்சிருக்கு, கார் லாரியை லேசாத்தான் இடிச்சிருக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி இதை ஒத்துக்கொள்ளாது. லாரி காரை எவ்வளவு விசையோடு தள்ளியதோ, அதே விசையோடுதான் காரும் லாரியைத் தள்ளியது.

அப்போ கார்ல இருந்தவங்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு அடி? இங்கேதான் இரண்டாம் விதி வருது. விசை ஒண்ணுதான், நிறை வேறு. 15 டன் லாரியும் 1 டன் காரும் தலா 54 கி.மீ. வேகத்தில் மோதி ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். உந்த அழிவின்மைப்படி, இரண்டும் சேர்ந்து லாரி போன திசையிலேயே சுமார் 47 கி.மீ. வேகத்தில் நகரும். லாரி ஓட்டுநரின் வேகம் மாறியது வெறும் 7 கி.மீ. சடன் பிரேக் போட்ட மாதிரிதான் அவருக்கு இருக்கும். கார்க்காரரோ 54-ல் முன்னே போய்க்கொண்டிருந்தவர், கண நேரத்தில் 47-ல் பின்னே தள்ளப்படுகிறார். மொத்த மாற்றம் 101 கி.மீ.! கார் நசுங்குவதற்கு லாரியின் இரும்புச் சட்டம் அதைவிட உறுதியாக இருப்பதும் காரணம், அது வேற கதை.

(இடையில் ஒண்ணு: ஒரே மாதிரி இரண்டு கார்கள் 54-ல் நேருக்கு நேர் மோதினால், அது 108-ல் சுவரில் மோதியதற்குச் சமம்னு பலர் சொல்வாங்க. இல்லை. ஒவ்வொரு காருக்கும் அது 54-ல் சுவரில் மோதிய மாதிரிதான்.)

சரி, இப்போ அந்தச் சுவரையே எடுத்துக்குவோம். 54 கி.மீ. என்றால் நொடிக்கு 15 மீட்டர். மூணு மாடிக்கு மேலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகம் அது. காரின் முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நின்றால், பெல்ட் போட்டவர் மேல் புவியீர்ப்பைப் போல சுமார் 19 மடங்கு வேகக்குறைப்பு. நசுங்காத இரும்புப் பெட்டியாக இருந்து 5 செ.மீ.க்குள் நின்றால் 230 மடங்கு. நசுங்குவது பலவீனம் இல்லை, வேணும்னே அப்படிச் செய்வது. பேலா பாரெனி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1950களின் தொடக்கத்திலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். அதே நிறுவனத்தின் 1959 மாடலில் அது சாலைக்கு வந்தது. மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோவின் நில்ஸ் போலின் கொடுத்ததும் அதே 1959-ல்தான்.

பெல்ட் போடாதவருக்கு இந்த 60 செ.மீ. சலுகை கிடையாது. முதல் விதிப்படி, கார் நின்றாலும் அவர் அதே 15 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார், டேஷ்போர்டு வந்து நிறுத்தும் வரை.

நம்ம வீடுகளில் ரொம்ப சாதாரணமா நடக்கிற ஒரு விஷயம் இருக்கு: முன் சீட்டில் அம்மா, மடியில் குழந்தை. "நான் கெட்டியா பிடிச்சுக்கறேன்." 10 கிலோ குழந்தையை அந்த 19 மடங்கில் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் கை தாங்க வேண்டியது சுமார் 190 கிலோ எடை. அதுவும் 0.08 நொடிக்குள். எந்தத் தாய்க்கும் முடியாது. அம்மாவும் பெல்ட் போடலைன்னா, டேஷ்போர்டுக்கும் அவங்க உடம்புக்கும் நடுவில் மாட்டுவது குழந்தைதான். ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் கட்டினாலும் இதே கதை. அம்மாவின் எடை முழுக்கக் குழந்தை மேல் இறங்கும். குழந்தைக்கென்று தனி சீட்டை பின்னால் பொருத்தினால்தான் அந்த 60 செ.மீ. அதற்கும் கிடைக்கும்.