கூத்தும் படித்த பிள்ளைகள்

வாலாஜாபாத் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடிய பாரதக் கூத்துதான். அந்தக் கூத்தைப் பள்ளிப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்த ஓர் இடம் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில், 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலம்.

அதை நடத்தியவர் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால். பத்து வயதிலேயே மேடை ஏறியவர். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோனது. தனக்கு வாய்க்காத படிப்பு தன் மாணவர்களுக்கும் தவறிவிடக் கூடாது என்று நினைத்தார். அவரும் மனைவி ஹன்னே டி புருயினும் பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்து, படிப்பையும் கூத்தையும் ஒன்றாகக் கொடுத்தார்கள்.

அடவு, பாட்டு, வசனத்தோடு ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணையும் பயிற்சியில் உண்டு. முகத்தில் அரிதாரம் பூசி, தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் மார்பில் பதக்கமும் கட்டிக்கொண்டு, அந்தப் பாரத்தோடு கிறுகிறுவென்று சுற்றி ஆட வேண்டும். ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த இந்தக் கலையில் பெண் பிள்ளைகளும் கிரீடம் தரித்தார்கள். எனக்கு இதுதான் பெரிய சாதனையாகப் படுகிறது.

2017-இல் பாடகர்கள் டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் பாட, குருகுலத்துக் கூத்துக் கலைஞர்கள் ஆட, கர்நாடக இசையும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில் சேர்ந்தன.

உங்கள் ஊரில் அடுத்த பாரதக் கூத்து நடக்கும்போது வீட்டுப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.