மரவள்ளிக் கரணையும் தேமல் நோயும்: நாற்றங்கால் முறை – ஒரு விளக்கம்

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சமவெளியிலும் மேற்கே அமைந்த கல்வராயன் மலையிலும் மரவள்ளி பரவலாகப் பயிரிடப்படுகிறது. உழவர் இதனை விதையால் அன்றித் தண்டுக் கரணையாலேயே பெருக்குகின்றனர். எனவே தாய்ச்செடியைப் பற்றிய தேமல் நோய் கரணையோடு அடுத்த பருவத்திற்கும் செல்கிறது; வெள்ளை ஈ அதனைப் பிற செடிகளுக்குப் பரப்புகிறது. இந்திய, இலங்கை மரவள்ளித் தேமல் நச்சுயிரிகள் இந்நோய்க்குக் காரணமாகும். நச்சுயிரி புகுந்த செடியை மருந்து தெளித்துக் குணப்படுத்த இயலாது. ஆதலின் நடவுக்கு முன்பே நோயுற்றதைப் பிரித்தறிதல் இன்றியமையாததாகிறது.

1963இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு நாற்றங்கால் முறையைப் பரிந்துரைக்கிறது. கரணைகளை நேரே வயலில் ஊன்றாமல், நாற்றங்காலில் நெருக்கமாக நட்டு வேர்பிடிக்கச் செய்வர். 3 முதல் 4 வாரங்களில் இளம் இலைகளில் மஞ்சள் திட்டும் நெளிவும் தோன்றும் நாற்றுகள் களையப்படுகின்றன. நோயறிகுறி அற்றவை மட்டுமே, வேர் அறாதவாறு எடுக்கப்பட்டு, ஈரமான வயலுக்கு மாற்றப்படுகின்றன.

வேர்பிடித்த தண்டுகளை ஊட்டக்கரைசலில் வளர்க்கும் ஆழ்நீர் முறைக்கும் இத்தெரிவு பொருந்தும். அங்கு ஒரே கரைசலைப் பல செடிகள் பகிர்வதால், ஒன்றின் வேரழுகல் பிறவற்றையும் தாக்கக்கூடும். கரைசலில் உயிர்வளி குறையின் இடர் மிகும்.

எனினும் அறிகுறி காட்டாமலே நச்சுயிரியைத் தாங்கும் கரணைகளும் உண்டு. அவை கண்பார்வைத் தெரிவுக்குத் தப்பிவிடும். ஆகவே நாற்றங்கால் முறை நோயைக் குறைக்குமே தவிர முற்றாக ஒழிக்காது. நோயற்ற தாய்ச்செடித் தேர்வும், வயலில் தொடர்ந்த களைதலும் அதனுடன் இணைந்தே பயன்தரும்.