கூரையில் சோலார் இருந்தும் கம்ப்யூட்டர் அணைவது ஏன்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல ஊர்கள் கரண்ட் இல்லாமல் கிடந்தன. மழை விட்டு வெயில் வந்தபின், கூரையில் சோலார் பேனல் உள்ள வீட்டில் கம்ப்யூட்டர் ஓடியிருக்குமா? சாதாரண ஆன்கிரிட் இணைப்பு என்றால் ஓடியிருக்காது!

ஆன்கிரிட் இன்வெர்ட்டர் மின்வாரிய லைனில் கரண்ட் இருந்தால்தான் இயங்கும். லைன் செத்ததும் அதுவும் நின்றுவிடும். நின்றே ஆக வேண்டும். இல்லையேல் உங்கள் கூரை மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து. இதை விற்பவர்கள் தாமாகச் சொல்வது குறைவு.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. பில் குறைய ஆன்கிரிட் போதும். கரண்ட் போனபோதும் கம்ப்யூட்டர் ஓட வேண்டுமானால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை, செலவு கூடும். ஃபைலைச் சேமித்து ஷட்டவுன் செய்ய மட்டும் என்றால் சிறிய யூபிஎஸ் போதுமே.

முன்பணம் கொடுக்கும் முன், மெயின் சுவிட்சை அணைத்தால் வீட்டில் எந்தெந்த பிளக்கில் கரண்ட் வரும் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.