வேகம் குன்றிய வீட்டுக் கணிப்பொறி

விரைவு, தாமதம் என்னும் இரண்டும் ஒப்புநோக்கி வழங்கப்பெறும் சொற்கள். பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய கணிப்பொறி, அன்று செய்த வேலையை இன்றும் ஏறத்தாழ அதே விரைவில் செய்யும் ஆற்றல் உடையதே. ஆயினும், பொத்தானை அழுத்தித் திரை ஒளிர்ந்து, தட்டச்சுக்கு ஆயத்தமாவதற்குள் ஒரு குவளை தேநீர் அருந்தி முடித்துவிடலாம் என்னும் நிலையைப் பல இல்லங்களில் காண்கிறோம். "பழையதாகிவிட்டது; புதிது வாங்குங்கள்" என்பதே கடைக்காரர் பலரும் கூறும் தீர்ப்பு. மாணவர் பலருடைய வீடுகளில் இருப்பதோ, 2011 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காளோ பெற்ற கருவி. புதிது வாங்குதல் அக்குடும்பங்களுக்கு எளிதன்று. எனவே, தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும் என்பது நம் கருத்து.

கணிப்பொறியை ஒரு நூலகமாகக் கொள்வோம். செயலி என்பது நூல்களைப் படிப்பவர். ரேம் எனப்படும் நினைவகம் அவர்முன் உள்ள மேசை. வன்தட்டு நூலடுக்கு. மேசையில் இருப்பதை அவர் நொடியில் எடுத்துக்கொள்வார். இல்லாததை அடுக்கிலிருந்து கொணர வேண்டும். பெரும்பாலான பழைய கருவிகளில் தாமதம் நிகழுமிடம் இந்தப் போக்குவரத்தே அன்றிப் படிப்பவர் அல்லர்.

பழைய வன்தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்வது. வேண்டிய செய்தி இருக்கும் இடத்திற்கு அதன் முனை நகர்ந்து, தட்டும் சுழன்று வந்து சேர ஏறத்தாழ 10 மில்லி நொடி அல்லது அதற்கு மேலும் ஆகும். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவு. ஆனால், நொடிக்கு 200 கோடித் துடிப்புகள் உடைய செயலி அதற்குள் 2 கோடித் துடிப்புகளை வீணே கழித்துவிடுகிறது! கணிப்பொறி தொடங்கும்போது இவ்வாறு சிதறிக் கிடக்கும் செய்திகளை ஆயிரக்கணக்கான முறை தேட வேண்டியிருக்கிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைத் தட்டில் சுழலும் உறுப்பே இல்லை. தேடும் நேரம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைகிறது.

மேசை சிறிதாயின் துன்பம் இரட்டிப்பாகும். நினைவகம் நிறைந்துவிட்டால், இயங்குதளம் அதிலுள்ளவற்றுட் சிலவற்றை வன்தட்டுக்கு அனுப்பி, வேண்டும்போது மீண்டும் அழைத்துக்கொள்கிறது. 1995இல் வந்த விண்டோஸ் 95 குறைந்தது 4 மெகாபைட் நினைவகம் கேட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 கிகாபைட். ஆயிரம் மடங்குக்கும் சற்று மேல்! கருவி விரைவடைவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள் பருத்து மந்தமாகிறது என்று அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே குறைபட்டுக்கொண்டது பொருளற்றதன்று.

குறை எங்கே என அறிவது எளிது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். செயலியின் உழைப்பு குறைவாயிருக்க, டிஸ்க் என்னும் பத்தி நெடுநேரம் 100 விழுக்காட்டிலேயே நின்றால் வன்தட்டே தடை. மெமரி எப்போதும் 90 விழுக்காட்டை ஒட்டியிருந்தால் நினைவகம் போதவில்லை. விண்டோஸ் 8 முதலாக அங்கேயே ஸ்டார்ட்அப் என்னும் பகுதியும் உண்டு. கணிப்பொறி விழிக்கும்போதே உடன் எழும் மென்பொருள்களின் பட்டியல் அது. வேண்டாதவற்றை அங்கே நிறுத்தி வைக்கலாம். பலரும் அறியாத மற்றொரு செய்தி: விண்டோஸ் 8க்குப் பிந்தைய கருவிகள் பலவற்றில் 'ஷட் டவுன்' செய்தால் இயங்குதளத்தின் உட்பகுதி முற்றிலும் புதுப்பிக்கப்படுவதில்லை, தட்டில் சேமிக்கப்பெற்று மறுநாள் அப்படியே எழுகிறது. 'ரீஸ்டார்ட்' செய்தால்தான் முழுதும் புதிதாகத் தொடங்கும்.

இவற்றோடு, உலாவியில் திறந்து கிடக்கும் பக்கங்களை மூடுதல், இரண்டு நச்சுநிரல் தடுப்பான்கள் இருப்பின் ஒன்றை நீக்குதல், காற்றுத் துளைகளில் அடைந்த தூசியை அகற்றுதல் ஆகியனவும் பயன்தரும். வெப்பம் மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'ஒரே சொடுக்கில் வேகம்' என விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அவற்றுள் பல தாமே ஒரு சுமை.

இத்தனைக்குப் பின்னும் வேகம் கூடவில்லையெனில், எஸ்.எஸ்.டி. மாற்றுவதே முதற்பணி. வழக்கமான மடிக்கணினி வன்தட்டின் இடத்தில் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் அப்படியே பொருந்தும். நினைவகம் கூட்டுவது அடுத்தது, டி.டி.ஆர்.3 வகையும் டி.டி.ஆர்.4 வகையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா என்பதை அறிந்து வாங்க வேண்டும். சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அங்கே கூட்ட வழியில்லை.

இயங்குதளம் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10க்கான இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளிலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு அமைப்பு பழைய கருவிகள் பலவற்றில் இல்லை. அத்தகையோர் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவிப் பார்க்கலாம். விலையில்லை, சுமையும் குறைவு.

தமிழ்த்துறையினர் அனைவரும் கவனிக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. பழைய ஆய்வேடுகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பெற்றவை. பாமினி வகை எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். 'அம்மா' என்பது கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. எழுத்துருக் கோப்பு இல்லையேல் திரையில் அக்குறிகள்தாம் தோன்றும். புதிய தட்டில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் பணியாளர் 'டாக்குமெண்ட்ஸ்' உறையை மட்டும் படியெடுத்துத் தருவார். எழுத்துருக்களை அவர் நினைப்பதில்லை. பல்லாண்டு உழைப்பு அவ்வாறே பொருளற்ற குறிகளாகிவிடக்கூடும்.

ஆதலின், கருவியைப் பிரிக்குமுன் விண்டோஸ் உறையினுள் உள்ள ஃபான்ட்ஸ் என்னும் பகுதியைத் தனியே படியெடுத்தல் வேண்டும். முதன்மையான கோப்புகளுக்கு, எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். படியொன்றும் உருவாக்கிக்கொள்ளலாம். ஒருங்குறிக்கு மாற்றித் தரும் செயலிகள் உள்ளன. ஆனால் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழெனக் கருதிச் சிதைத்துவிடுவதுண்டு. மாற்றிய படியைப் பழைய படியோடு பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு, வேறொரு கணிப்பொறியிலும் திறந்து பார்த்த பின்னரே பழைய வன்தட்டை அழிக்கக் கொடுக்கலாம்.