நோயும் எண்ணும் – 12: தீக்குச்சியும் திறந்த ஏடும்

சென்ற வாரம் நாம் 1854-ஆம் ஆண்டின் லண்டன் நகரத்தில், காலராவினால் மாண்டவர்களின் வீடுகளைத் தெருத்தெருவாக எண்ணி, பிராட் தெருவின் குடிநீர்க் குழாயை நோக்கி விரல் நீட்டிய ஜான் ஸ்நோ என்ற வைத்தியரோடு நடந்து வந்தோம். வியாதியின் காரணத்தைக் காண நுண்ணோக்கியைப் போலவே எண்ணிக்கையும் ஒரு கருவி என்பதை அங்கே கண்டோம். அந்தக் கருவி இன்று யார் கையில் இருக்கிறது, யார் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சிந்திக்க, இந்த வாரம் நம்முடைய கரிசல் சீமைக்கே வருவோம்.

சாத்தூரிலிருந்து சிவகாசிக்கும், அங்கிருந்து வெம்பக்கோட்டைக்கும் போகிற சாலைகளில் பிரயாணம் செய்தவர்கள், வேலிக்கருவைப் புதர்களுக்கு அப்பால் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஆலைகளின் சின்னஞ்சிறு அறைகளைப் பார்த்திருப்பார்கள். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காகச் சட்டம் விதித்த இடைவெளி அது. ஓரிடத்தில் மருந்துக் கலவை, ஓரிடத்தில் மருந்து செலுத்துதல், வேறிடங்களில் திரி வெட்டுதலும் சரம் பின்னுதலும் பெட்டி அடைத்தலும். மழை பொய்த்தால் விளைச்சலும் பொய்த்துவிடுகிற இந்தப் பூமியில், வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும், 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கும் வரையில் பச்சை உப்பு எனப்படும் பேரியம் நைட்ரேட்டையும் கையில் தொட்டே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுப்பெரித்து வந்திருக்கின்றன. அந்தத் தூளை நாள்தோறும் சுவாசித்த மார்புகளுக்கு என்ன நேர்ந்தது? எந்த வேலையில், எந்தப் பருவத்தில், எந்த மணி நேரத்தில் உயிருக்கு அபாயம் மிகுதி? இந்தக் கேள்விகளுக்கு விடை காணும் சாஸ்திரமே நோய்ப்பரவியல். அதன் கருவிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், இதே சிவகாசியின் மூத்த தொழிலாகிய தீப்பெட்டியின் பூர்வ கதையைச் சற்றே சொல்ல வேண்டும்.

சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்று, ஊர் திரும்பி, இந்தத் தொழிலுக்கு வித்திட்டார்கள் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் அறிந்த சரித்திரம். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே உலகத்தின் தீப்பெட்டித் தொழிலாளர்கள் ஒரு கொடிய வியாதியைப் பார்த்து முடித்திருந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெள்ளைப் பாஸ்பரஸைக் கொண்டு குச்சிகள் செய்த ஐரோப்பியத் தொழிற்சாலைகளில், முதலில் பல்வலியாகத் தொடங்கி, பின்னர் தாடை எலும்பே அழுகி உதிரும் ஒரு நோய் தோன்றியது. வியன்னா நகரத்து வைத்தியர் லோரின்ஸர் 1845-இல் அதை விவரித்து எழுதினார். 1888-இல் லண்டனின் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தபோது அந்த நோய் பொதுஜனப் பேச்சாயிற்று. நோயுற்றவர்களை எண்ணி எழுதிய கணக்குகள் சேரச் சேர, மறுப்பதற்கு இடமில்லாமற் போய், 1906-இல் பெர்ன் நகரத்தில் கூடிய தேசங்கள் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியை விலக்க உடன்பட்டன.

இந்தக் கதையில் என் மனத்தை விட்டு அகலாத கட்டம் ஒன்று உண்டு. விஷமில்லாத மாற்றுப் பொருள் ஒன்றை 1898-இல் பிரெஞ்சு ரசாயன நிபுணர்கள் இருவர் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் அதன் காப்புரிமை டயமண்ட் மேட்ச் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. மற்றத் தொழிற்சாலைகளுக்கு வழி தெரிந்தும் அந்த வழியில் நடக்க உரிமையில்லை. மனித குலத்தின் நன்மையைக் கருதி அந்த உரிமையைக் கைவிட வேண்டும் என்று ஜனாதிபதி டாஃப்ட் கேட்டுக்கொள்ள, 1911 ஜனவரியில் அந்த நிறுவனம் அதைப் பொதுவுடைமையாக விட்டுக்கொடுத்தது. மறு ஆண்டே அந்நாடு வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியின்மீது தாங்க முடியாத வரி விதித்து அதை ஒழித்தது. 1913-இல் நம் நாட்டிலும் தடைச் சட்டம் வந்தது. ஆகவே, அதற்குப் பத்தாண்டு கழித்துச் சிவகாசியில் தீக்குச்சி அடுக்க உட்கார்ந்த நம் பாட்டிமார்களின் தாடையைக் காத்தவர்கள், அவர்கள் முகத்தையே அறியாத அயல்நாட்டு மனிதர்கள். நோயை எண்ணியவர்கள், சட்டம் செய்தவர்கள், அறிவைப் பூட்டி வைக்காமல் விட்டுக்கொடுத்தவர்கள் என்று இம்மூவருள் எவர் ஒருவர் குறைந்திருந்தாலும் அந்தக் காவல் முழுமையடைந்திராது.

இனி நம் காலத்துக் கருவிக்கு வருவோம். எண்பதுகளின் தொடக்கம் வரையில், நோய்க் கணக்கைப் பகுத்துப் பார்க்கும் கணினி நிரல்கள் பெரிய பல்கலைக்கழகங்களின் பெரிய யந்திரங்களில் இருந்தன. அவற்றுக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும், கட்டணம் நின்றால் கருவியும் நின்றுவிடும். ஒரு கிராமத்தில் வாந்திபேதி கண்டு ஓடுகிற சுகாதார அதிகாரிக்கு அவை எட்டாக்கனிகள். இந்த நிலையில், அட்லாண்டாவிலுள்ள அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டீன் என்ற வைத்தியரின் முயற்சியால் 1985-இல் 'எபி இன்ஃபோ' வெளிவந்தது. பிற்காலத்தில் கூகுள் நிறுவனத்தின் பெயர்பெற்ற பொறியாளராக விளங்கிய அவருடைய மகன் ஜெஃப் டீன், பள்ளி மாணவராக இருந்தபோதே அந்த நிரலை எழுதுவதில் பெரும் பங்கு கொண்டார். கேள்வித்தாளை அமைப்பது, விடைகளைப் பதிவது, பகுத்து விகிதம் காண்பது என்ற மூன்று காரியத்தையும் ஒரு சாதாரண மேசைக் கணினியிலேயே செய்துவிடலாம். யாரும் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். அது பிளாப்பித் தகடுகளில் ஏறி நாடு நாடாகப் பரவியது.

அதன்பின் மற்றவை வந்தன. டென்மார்க்கின் ஓடென்ஸே நகரத்திலிருந்து வந்த 'எபிடேட்டா', ஒரே படிவத்தை இருவர் தனித்தனியே பதிந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை களையும் முறையை எளிதாக்கியது. ஆண்ட்ரூ டீனும் அவருடைய தோழர்களும் பின்னர் ஆக்கிய 'ஓப்பன் எபி'யை இணைய உலாவியிலேயே திறந்து கணக்கிடலாம். இறக்கி வைத்துக்கொண்டால் இணையத் தொடர்பு இல்லாத ஊரிலும் அது பயன்படும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் தொண்ணூறுகளில் படைத்த 'ஆர்' என்ற ஓரெழுத்து மொழியோ, இன்று உலகத்துப் புள்ளியியல் அறிஞர்களின் பொது மொழியாகவே ஆகிவிட்டது. அதன்மேல் தாய்லாந்தின் சோங்க்லா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் விரசக்தி சோங்சுவிவத்வோங் நோய்ப்பரவியலுக்கென்றே 'எபிகால்க்' என்னும் தொகுப்பைக் கட்டி, அதைக் கற்பிக்கும் நூலையும் எழுதி, இரண்டையும் விலையின்றி வழங்கினார். ஆசியாவின் ஒரு மூலையிலிருந்து ஒருவர் தம் மாணவர்களுக்காகச் செய்த காரியம் எல்லா நாட்டு மாணவர்க்கும் உதவியது. மூலநிரல் திறந்திருந்ததனால் அல்லவா அது கைகூடிற்று!

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து அறிய வேண்டும். இலவசம் என்பது விலையைப் பற்றியது, கட்டற்றது என்பது உரிமையைப் பற்றியது. விலை வாங்காமல் கொடுத்தும் உள்ளே நடப்பதை மூடி வைக்கும் மென்பொருள்கள் உண்டு. கட்டற்ற மென்பொருளிலோ, அதை எக்காரியத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். 'ஆர்' அந்த வகையைச் சேர்ந்தது. அதன் கட்டளைகளைத் தமிழில் விளக்கி ஒரு முகப்பு அமைக்க விரும்பும் விருதுநகர் மாணவி எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இந்தத் திறப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை, கற்பனையான ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். எண்கள் முழுவதும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த ஆலையையும் பற்றியவை அல்ல. மருந்து அறைகளில் வேலை செய்வோர் 200 பேர், பெட்டி அடைப்போர் 200 பேர் என்று கொள்வோம். முன்னவரில் 40 பேருக்கும் பின்னவரில் 20 பேருக்கும் நாட்பட்ட இருமல் இருக்கிறது. பார்த்தவுடனே மருந்து அறையில் அபாயம் இரு மடங்கு என்று சொல்லிவிடலாம். மென்பொருள் அந்த இரண்டுக்கு ஓர் எல்லையையும் கூறும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பகத்தோடு அது 1.2-க்கும் 3.3-க்கும் இடைப்பட்டது என்னும். ஆனால் பொறுங்கள். மருந்து அறையில் இருப்போரில் பாதிப் பேர், அதாவது 100 பேர், பீடி பிடிப்பவர்கள். பெட்டி அடைப்போரில் 20 பேரே அப்படி. பீடி பிடிப்பவர்களை மட்டும் தனியே நிறுத்திப் பார்த்தால், அங்கே நூற்றில் முப்பது பேருக்கும் இங்கே இருபதில் ஆறு பேருக்கும் இருமல். இரண்டும் ஒரே விகிதம். பிடிக்காதவர்களிடையே அங்கே நூற்றில் பத்து, இங்கே நூற்றெண்பதில் பதினான்கு. இரண்டு பிரிவையும் முறைப்படி சேர்த்துக் கணக்கிட்டால், 1959-இல் மான்டெல், ஹென்ஸெல் என்ற இருவர் வகுத்த முறையை ஒட்டிய சூத்திரத்தின்படி, இரண்டாயிருந்த அந்த எண் 1.14 ஆகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே மருந்து அறை நிரபராதி என்று தீர்ப்பளித்துவிடலாமா? அதுவும் ஆகாது. இருமல் முற்றியவர்கள் முன்பே வேலையை விட்டு வீட்டோடு முடங்கியிருக்கக் கூடும். தேக பலம் உள்ளவர்கள் மட்டுமே மிஞ்சி நிற்கிற இடத்தில் எண்ணுகிறவன், தொழிலின் தீங்கைக் குறைத்தே காண்பான். இப்படி ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு நிர்ணயம் இருக்கிறது. யாரைச் சேர்த்தாய், யாரை விட்டாய், எதைக் கொண்டு பிரித்தாய் என்பதெல்லாம் அந்த நிர்ணயங்கள். பட்டாசைப் பற்றி நம் மாவட்டத்தில் நடக்கிற வாதம், ஒரு பக்கத்தில் பிழைப்பையும் மறுபக்கத்தில் பிராணனையும் வைத்து நடக்கிற வாதம். அங்கே ஒரு தரப்பார் கொண்டுவரும் எண்ணை மறு தரப்பார் ஏற்க வேண்டுமானால், கணக்கின் ஒவ்வொரு படியும் எழுத்திலே கண்முன் இருக்க வேண்டும். 'ஆர்' மொழியில் எழுதிய கணக்கை ஆலை அதிபரின் கணிதரும் தொழிற்சங்கத்தின் கணிதரும் தத்தம் வீட்டில் ஓட்டிப் பார்க்கலாம். ஒரே தரவுக்கு ஒரே விடைதான் வரும். விடை பிடிக்காவிட்டால், எந்த நிர்ணயம் தவறு என்று சுட்டலாம். விலைகொடுத்து வாங்க இயலாதவனையும் சபையில் சரியாசனம் கொடுத்து உட்கார வைப்பதே இந்தக் கருவியின் தர்மம் என்று நான் கருதுகிறேன்.

கருவி வந்துவிட்டது. நமக்குக் குறைவது தரவு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தையும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தையும் பத்திரிகைகள் எண்ணின. மாண்டவர் தொகையைப் பத்திரிகை தரும். ஆனால் அன்று எத்தனை அறைகளில், எத்தனை பேர், எத்தனை மணி நேரம் மருந்து கலந்தார்கள், எத்தனை நாள் ஒன்றும் நேராமல் கழிந்தது என்னும் கீழ்த்தொகை இல்லாமல் விகிதம் பிறக்காது. விகிதம் இல்லாமல், உச்சி வெயிலில் கலப்பது எத்தனை மடங்கு அபாயம் என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. உள்குத்தகையில் வேலை செய்கிறவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாதபோது, அவர்கள் உயிரோடிருக்கையில் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். இறந்த பிறகே எண்ணாகிறார்கள். இதைவிடப் பெரிய அநீதியை இந்தச் சாஸ்திரம் அறியாது.

வழி இல்லாமல் இல்லை. களத்தில் இறங்கி நோய்க் காரணம் காணும் கலையைச் சுகாதார அதிகாரிகளுக்குக் கற்பிக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 1999 முதல் சென்னையிலேயே இயங்கி வருகிறது. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. 1700-ஆம் ஆண்டில் ராமஸ்ஸினி என்ற இத்தாலிய வைத்தியர், நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றோடு அவன் என்ன தொழில் செய்கிறான் என்ற கேள்வியையும் சேர்க்கச் சொன்னார். நம்முடைய புறநோயாளிச் சீட்டில் அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதில் 'கூலி' என்று எழுதி நிறுத்தாமல், 'மருந்துக் கலவை, ஆறு ஆண்டு' என்று எழுதினால், ஐந்தாண்டில் இந்த மாவட்டம் உலகத்துக்கே பாடம் சொல்லும். ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது. திறந்திருக்க வேண்டியது கணக்கிடும் முறை. நோயாளியின் பெயரும் ஊரும் அல்ல. பெயரை நீக்கிவிட்டு எண்ணைக் காப்பது இந்தத் தொழிலின் முதல் விரதம்.

சிவகாசிக்கு இன்னொரு கீர்த்தியும் உண்டு. நாட்காட்டியும் நாட்குறிப்பும் கணக்கு நோட்டும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்புகிற ஊர் அது. எத்தனையோ ஊர்களின் வரவும் செலவும் இவ்வூர்க் காகிதத்தில்தான் எழுதப்படுகின்றன. அந்த நோட்டுகளில் ஒன்றை, கோடு போட்டு, தொழில், வயது, எத்தனை ஆண்டு, என்ன நோய் என்று தலைப்பிட்டு, தன் சொந்த ஜனங்களின் மூச்சைக் குறித்து வைக்க இந்த ஊர் எடுத்துக்கொள்ளும் நாளில், 1911-இல் விட்டுக்கொடுக்கப்பட்ட அந்த உரிமைக்கு நாம் பட்டிருக்கும் கடனில் ஒரு பகுதி தீரும். எண்ணுவதற்கான யந்திரத்தை யார் யாரோ நமக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதில் இட வேண்டிய முதல் வரியை நாம்தான் எழுத வேண்டும்.

அந்த முதல் வரியை எப்படி எழுதுவது, ஒரு கேள்வித்தாளில் பிழை எந்த வழியாக நுழைகிறது, அதை எப்படித் தடுப்பது என்பவற்றை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)