வீட்டுப் பொருள்களுக்கு ஒரு வாடகை அறை

சென்னைப் புறநகரான சேலையூரில் நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் காலஞ்சென்ற ஆசிரியர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கட்டிய வீட்டில் அவருடைய மனைவியும், மகனும், மருமகளும், இரு பேரப்பிள்ளைகளும் வாழ்ந்து வந்தனர். மேல்தளம் ஒழுகத் தொடங்கவே, வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று சென்ற ஆண்டு முடிவு செய்தனர். வேலை முடியப் பதினெட்டு மாதங்கள் பிடிக்கும் என்று பொறியாளர் கூறிவிட்டார். அதுவரை குடியிருக்க அவர்களுக்குக் கிடைத்ததோ இரண்டே அறைகள் கொண்ட மாடிப் பகுதி. இரண்டு பீரோக்கள், இரண்டு கட்டில்கள், சோபா, உணவு மேசை, ஆசிரியர் சேர்த்து வைத்த நூல்கள், பித்தளைப் பாத்திரங்கள் ஆகிய இத்தனையும் எங்கே போகும்?

இது அந்த ஒரு குடும்பத்தின் கவலை மட்டுமன்று. வீட்டைப் புதுப்பிப்பவர்கள், ஓரிரு ஆண்டுகளுக்கு வெளிநாட்டு வேலைக்குச் செல்பவர்கள், தாய் தந்தையர் மறைவுக்குப்பின் பழைய வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டியவர்கள் என எத்தனையோ பேர் இன்று இந்தக் கேள்வியோடு நிற்கிறார்கள். அந்த வீட்டு மகன் நம்மை உடன் அழைக்கவே, நாமும் அவரோடு சென்று சில இடங்களைப் பார்வையிட்டோம். அப்போது அறிந்துகொண்டவை வாசகர்களின் குடும்பங்களுக்கும் பயன்படும் எனக் கருதி இங்கே எழுதுகிறோம்.

சேமிப்பறை என்பது யாது?

‘செல்ஃப் ஸ்டோரேஜ்’ என்று இன்று விளம்பரம் செய்யப்படுவது இதுதான். பெரிய கட்டடம் ஒன்றைச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, ஒவ்வோர் அறையையும் மாத வாடகைக்கு விடுகிறார்கள். பூட்டும் சாவியும் நம்முடையவை. வேண்டும்போது சென்று திறந்து, வேண்டியதை எடுத்து வரலாம். 1960-களில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வேரூன்றிய இம்முறை, இப்போது சென்னை, பெங்களூர் போன்ற நம் நகரங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இதே பெயரில் வேறொரு முறையும் உண்டு. வீடு மாற்றித் தரும் நிறுவனத்தார் நம் பொருள்களைக் கட்டி எடுத்துச் சென்று, தங்கள் கிடங்கில் மற்றவர்களின் பொருள்களோடு அடுக்கி வைப்பார்கள். வாடகை குறைவாக இருக்கலாம். ஆனால் நினைத்தபோது சென்று திறக்க இயலாது. இடையில் ஒரு பெட்டியை எடுக்க முன்கூட்டியே சொல்லித் தனிக் கட்டணமும் செலுத்த நேரலாம். இவ்விரண்டில் எது தரப்படுகிறது என்பதை முதலிலேயே தெளிவாகக் கேட்டறிய வேண்டும்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

அறை தேடப் புறப்படுமுன் செய்ய வேண்டிய வேலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கூடத்தின் நடுவே நின்று பொருள்களை நான்காகப் பிரிக்க வேண்டும்: உடன் கொண்டு செல்பவை, சேமிப்பறைக்குச் செல்பவை, பிறருக்குக் கொடுப்பவை, கழிப்பவை. சேமிப்பறைக்குச் செல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் மாதந்தோறும் வாடகை கொடுக்கிறோம் என்பதை மறத்தலாகாது. பதினெட்டு மாத வாடகையைக் கூட்டிப் பார்த்தால், சில பழைய மெத்தைகளும் நாற்காலிகளும் தங்கள் விலையை விட அதிகமாக வாடகை தின்றுவிடும். நல்ல நிலையில் உள்ள அத்தகைய பொருள்களை இல்லாதோருக்குக் கொடுத்துவிடுவதே முறை. நம் நண்பர் வீட்டிலிருந்து ஒரு கட்டிலும் நான்கு நாற்காலிகளும் பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையினர் வழியாக ஏழைக் குடும்பம் ஒன்றுக்குச் சென்றன.

இவ்வேலை எளிதன்று. மாமியாருக்கு அருமையானது மருமகளுக்குப் பழஞ்சரக்காகத் தோன்றலாம். ஒரே நாளில் முடிக்க முனைந்தால் மனத்தாங்கலே மிஞ்சும். இரண்டு வாரமாவது ஒதுக்குவது நன்று. பொருளுக்கு உரியவர் சொல்லுமுன் மற்றவர் தீர்ப்புக் கூறாதிருப்பதும் நன்று.

எத்தனை அடி வேண்டும்?

கண்மதிப்பில் அறை எடுத்தால், ஒன்று இடம் போதாது, அன்றேல் வீண் வாடகை கொடுப்போம். அளவு நாடாவைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் அளந்து பெருக்க வேண்டும். ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள இரும்பு பீரோ ஏறத்தாழ 29 கன அடி, இரண்டுக்கு 58. குளிர்பதனப் பெட்டி 20, துணி துவைக்கும் இயந்திரம் 12, சோபா 45, உணவு மேசை 37, கழற்றி அடுக்கிய கட்டில்கள் 40, ஒன்றரை அடிச் சதுர அட்டைப்பெட்டிகள் பதினைந்துக்கு 50. ஆக மொத்தம் 262 கன அடி.

பத்தடிக்கு ஐந்தடி அறை, எட்டடி உயரம் எனில் 400 கன அடி. அதில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றோட்டத்துக்கும் உள்ளே சென்று வரும் வழிக்கும் விட்டால் மிஞ்சுவது சுமார் 266. கணக்கு சரியாகப் பொருந்துகிறது! பொருள்களைப் பிரிக்காமல் அனைத்தையும் ஏற்றியிருந்தால் பத்துக்குப் பத்து அறை தேவைப்பட்டிருக்கும்.

தண்ணீர் வருமா?

சென்னைப் புறநகரில் அறை தேடுவோர் கேட்க வேண்டிய கேள்விகளுள் தலையாயது இதுவே. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளக்காடாயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் மூழ்கின. ஏரிகளும் சதுப்பு நிலமும் சூழ்ந்த நாட்டில் தாழ்ந்த இடம் எது என்பதைத் தண்ணீர் மறப்பதில்லை.

நாம் முதலில் பார்த்த அறை மிக மலிவு. ஆனால் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. சுவர்களுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். வெளியே வந்து எதிரிலிருந்த தேநீர்க் கடைக்காரரிடம், “அந்த டிசம்பரில் இங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது?” என்று கேட்டோம். அவர் பேசாமல் தம் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். நாம் நன்றி கூறி நடந்தோம்.

நமக்குத் தெரிந்த மற்றொரு குடும்பத்தார் இக்கேள்வியைக் கேட்கவில்லை. தரைத்தளத்தில் மலிவாகக் கிடைத்த அறை ஒன்றில் பொருள்களைப் பூட்டிவிட்டு வெளிநாடு சென்றனர். 2023 டிசம்பர் வெள்ளத்திற்குப்பின் உறவினர் சென்று திறந்தபோது, மெத்தைகள் அழுகியிருந்தன. திருமணப் படத்தொகுப்பின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க முடியாமல் கிடந்தன. கட்டிலும் மெத்தையும் மறுபடி வாங்கிவிட்டார்கள். அந்தப் படங்களை எங்கே வாங்குவது?

எனவே முதல் மாடி அல்லது அதற்கு மேல், பாரம் ஏற்றும் லிஃப்ட் உள்ள கட்டடமாகப் பாருங்கள். இயலுமாயின் மழை நாளில் சென்று பாருங்கள். கூரையில் கசிவு உண்டா, சுவர் மூலையில் கரையான் மண் தெரிகிறதா, மூடிய அறையில் ஈர வாடை வீசுகிறதா, தீயணைக்கும் கருவியும் கண்காணிப்பு கேமராவும் உள்ளனவா, பூச்சி மருந்து எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அடிக்கிறார்கள் என்பனவற்றை நேரில் கண்டும் கேட்டும் அறிய வேண்டும்.

கையெழுத்திடும் முன்

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பொறுமையாகப் படியுங்கள். முன்பணம் எவ்வளவு, ஜி.எஸ்.டி. வாடகையில் அடங்குமா, வாடகை எப்போது உயரும், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், எந்த நேரங்களில் திறக்கலாம் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை தவறினால் பொருள்களை விற்க அவர்களுக்கு உரிமை உண்டா என்னும் விதியைக் குறிப்பாகப் பாருங்கள். இழப்பீடு எதற்கு, எவ்வளவு, காப்பீடு வெள்ளத்துக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். நமக்கு ஏதேனும் நேர்ந்தால் அறையைத் திறக்க உரிமையுள்ள மற்றொருவரின் பெயரையும் பதிவு செய்வது நலம்.

நகை, ரொக்கம், வீட்டுப் பத்திரம், திருமுழுக்கு - திருமணச் சான்றிதழ்கள் ஆகியவற்றை இங்கே வைத்தல் ஆகாது. நகைக்கும் பத்திரத்துக்கும் வங்கி லாக்கரே உரிய இடம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கருக்கு இழப்பு நேர்ந்தால், வங்கி அதன் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை பொறுப்பேற்க வேண்டும். சேமிப்பறை விஷயத்திலோ ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே நமக்குத் துணை.

வைக்கும் முறை

எரிவாயு சிலிண்டர், மண்ணெண்ணெய், பெயின்ட், பட்டாசு, தானியம் எதையும் உள்ளே வைக்கக்கூடாது. வெளியூர் செல்வோர் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் முகவரிடம் ஒப்படைத்து அதற்குரிய சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். குளிர்பதனப் பெட்டியைப் பனி உருக வைத்து, துடைத்து, கதவைச் சற்றே திறந்தபடி நிமிர்த்தி வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். துவைக்கும் இயந்திரத்தின் நீரை முழுதும் வடித்துவிடுங்கள். கடிகாரங்களிலிருந்து பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். கஞ்சி போட்ட துணியைப் பூச்சி தேடி வரும். ஆதலால் கஞ்சியின்றித் துவைத்து நன்கு வெயிலில் உலர்த்திய பின்னரே பீரோவில் அடுக்குங்கள். பட்டுப்புடவைகளை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் நேரே படலாகாது.

தரைமேல் மரப்பலகை அடுக்கி அதன்மேல் பொருள்களை வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மெத்தையைப் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றினால் உள்ளேயே ஈரம் தங்கும்; பழைய பருத்திப் போர்வையே மேல். பெட்டிகளுக்கு எண்ணிட்டு, எந்த எண்ணில் எது என்ற பட்டியலை இரு படிகள் எழுதி, ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பழைய புகைப்படங்களைப் பிரதி எடுத்து, பிரதியையும் மூலத்தையும் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடியும், சென்று திறந்து காற்றாட விடுங்கள்.

நம் நண்பர் இறுதியில் இரண்டாம் மாடியில் பத்துக்கு ஐந்து அறை ஒன்றை எடுத்தார். முதலில் பார்த்த இடத்தைவிட வாடகை அதிகந்தான். பொருள்களை வண்டியில் ஏற்றிய அன்று நாமும் சென்றிருந்தோம். சேமிப்பறைக்கான வரிசையில் பழைய தையல் இயந்திரம் ஒன்று இருந்தது. ஆசிரியரின் சம்பளம் போதாத நாள்களில், அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தே அந்த அம்மையார் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். “மாடியில் இடமில்லையே, அம்மா” என்றார் மகன். “என் கட்டிலை அங்கே அனுப்பிவிடு, நான் பாயில் படுத்துக்கொள்கிறேன். இது என்னோடு வரட்டும்” என்றார் அவர்.

மகன் மறுமொழி கூறவில்லை; இயந்திரத்தைத் தாமே தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார். மருமகள் தம் துணி அலமாரியை ஒதுக்கி அதற்கு இடம் செய்தார். தாயைப் பாயில் படுக்கவிடவுமில்லை. கூடத்துச் சாய்வு நாற்காலி கட்டிலுக்கு மாறாகச் சேமிப்பறைக்குப் போயிற்று. சென்ற மழைக்காலம் முடிந்தபின் நாம் சென்றபோது, அறையிலிருந்த பொருள்கள் ஈரம் படாமல் அப்படியே இருப்பதாக மகன் சொன்னார். அம்மையார் ஜன்னலோரம் அமர்ந்து பேத்தியின் பள்ளிச் சீருடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார்.

எதைப் பூட்டி வைக்கலாம், எதைப் பூட்டி வைக்கலாகாது என்பதை அக்குடும்பம் நன்றாகவே பிரித்து அறிந்திருந்தது. அறை தேடுவோர் அனைவரும் முதலில் அறிய வேண்டியதும் அதுவே.